பவர்டு செயற்கைக்காலுக்கு ஃபோர்ஸ் சென்சிங்: கேஜ் ஒட்டுறதுல இருந்து நடக்க வைக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

மோட்டார் வச்ச செயற்கைக்கால் பண்ணணும்னு இறங்குறவங்க பெரும்பாலும் மோட்டார், கியர், பேட்டரின்னு தான் முதல்ல தேடுறாங்க, சென்சார கடைசியில ஏதாவது ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்னு விட்டுடுறாங்க. ஆனா அந்தக் கால போட்டுக்கிட்டு நடக்குறவர் விழாம இருக்கணும்னா கால் ஒரு கேள்விக்கு விடாம சரியா பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்: இப்ப என் மேல உடம்பு எடை இருக்கா, இல்லையா? இருந்தா முழங்கால் தாங்கணும், இல்லைன்னா மடங்கி முன்னாடி வீசணும்.

இதுல தப்பு ரெண்டு வகையா நடக்கலாம். எடை இல்லாதப்ப இருக்குன்னு நினைச்சு கால் விறைப்பா நின்னா, நுனி தரையில உரசும், நடை கெடும், ஆனா பெரும்பாலும் இடுப்பத் தூக்கி சமாளிச்சுடுவாங்க. எடை முழுசா மேல இருக்கும்போது இல்லைன்னு முடிவெடுத்து முழங்கால விட்டுடுச்சுன்னா சமாளிக்கவே நேரம் கிடையாது, ஆள் கீழ. ரெண்டாவது தப்பு நடக்கவே கூடாது, அதுக்காக முதல் தப்ப கொஞ்சம் பொறுத்துக்கலாம், இதுதான் என்னோட உறுதியான கருத்து. சென்சார் எங்க வைக்கிறது, எந்த ஃபில்டர், எந்த த்ரெஷோல்ட் (முடிவு மாறுற எல்லை நம்பர்)னு எல்லா முடிவையும் இத மனசுல வச்சு தான் எடுக்கணும்.

நான் இங்க எடுத்துக்குறது முழங்காலுக்கு மேல வெட்டப்பட்டவங்களுக்கான, முழங்கால் கணுக்கால் ரெண்டுலயும் மோட்டார் இருக்குற கால். கையில தொட்டுப் பாக்க ஒரு உதாரணம் வேணும்னா ஓப்பன் சோர்ஸ் லெக் இருக்கு. மிச்சிகன் யூனிவர்சிட்டியில எலியட் ரவுஸ் டீமும் சிகாகோ ஷெர்லி ரயன் எபிலிட்டிலேப்ல லெவி ஹார்க்ரோவும் சேர்ந்து 2019ல வெளிய விட்டது, டிசைன் ஃபைலும் பைத்தான் லைப்ரரியும் இலவசமா கிடைக்கும், அதுல முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல ஆறு அச்சு லோட் செல், அதாவது மூணு திசையில விசையையும் மூணு திசையில திருகு விசையையும் அளக்குற சென்சார், உக்காந்திருக்கும்.

ஸ்டெப் 1: என்ன அளக்கப் போறோம்னு முதல்ல நம்பரா எழுதுங்க

70 கிலோ ஆள்னு வச்சுக்கோங்க, எடை 687 நியூட்டன். சாதாரணமா நடக்கும்போது ஒரு ஸ்ட்ரைடு, அதாவது ஒரே கால் தரையத் தொட்டதுல இருந்து அதே கால் மறுபடி தொடுற வரைக்கும், சுமார் 1.1 செகண்ட். அதுல கிட்டத்தட்ட 60% கால் தரையில இருக்கும், அது ஸ்டான்ஸ், மீதி 40% காத்துல, அது ஸ்விங். தரையில இருந்து மேல வர்ற விசைய கிராஃப்ல போட்டா ரெண்டு மேடு தெரியும், ஒவ்வொண்ணும் உடம்பு எடையில 110ல இருந்து 120% வரைக்கும் போகும், நடுவுல ஒரு பள்ளம். கணுக்கால்ல வர்ற மொமென்ட், அதாவது மூட்ட திருப்பப் பாக்குற விசை, கால் தரைய விடுறதுக்கு சத்த முன்னாடி உச்சத்துக்குப் போகும், கிலோவுக்கு சுமார் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது இந்த ஆளுக்கு 105 பக்கம்.

முக்கியமான இன்னொரு நம்பர்: ரெண்டு காலும் தரையில இருக்குற நேரம் ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரைடுல சுமார் 10% தான், ஒரு 110, 120 மில்லிசெகண்ட். அந்தக் குட்டி நேரத்துக்குள்ள தான் எடை முழுசா ஒரு கால்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறுது. நம்ம சென்சார், ஃபில்டர், கோடு எல்லாம் சேர்ந்து முடிவெடுக்க கிடைக்குற நேரம் அதுக்குள்ள தான் அடங்கணும்.

ஸ்டெப் 2: எங்க வைக்கிறது

நாலு இடம் சாத்தியம். பாதத்துக்கு அடியில, கணுக்காலுக்கு மேல பைலான் டியூப்ல (முழங்காலையும் கணுக்காலையும் சேக்குற குழாய்), சாக்கெட்டுக்கும் (மிச்சமிருக்குற தொடை உள்ள போற உறை) முழங்காலுக்கும் நடுவுல, இல்லைன்னா மோட்டாருக்குள்ளயே.

பாதத்துல எஃப்எஸ்ஆர்னு சொல்ற மெல்லிசான அழுத்த சென்சார ஒட்டுறது ரொம்ப மலிவு, குதிகால்ல ஒண்ணு முன்பாதத்துல ஒண்ணு வச்சா எந்தப் பக்கம் தொடுதுன்னு தெரிஞ்சுடும். ஆனா அது தர்ற ரீடிங் ஒரே எடைக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற, அழுத்தி வச்சாலே மெதுவா ஏறிக்கிட்டே போகும், ஷூ மாத்தினா மொத்தமும் மாறிடும். தொட்டுச்சா தொடலையான்னு பாக்க மட்டும் வச்சுக்கோங்க, எத்தனை நியூட்டன்னு அதுகிட்ட கேக்காதீங்க. வாண்டர்பில்ட் யூனிவர்சிட்டியில ஃபிராங்க் சப்பும் மைக்கேல் கோல்ட்ஃபார்பும் 2008ல வெளியிட்ட பவர்டு காலோட வேலையில, பாதத்தையே ஸ்ட்ரெயின் கேஜ் (மெட்டல் துளி நீளுறதையும் சுருங்குறதையும் அளக்குற ஒட்டு சென்சார்) ஒட்டின சென்சாரா பண்ணி குதிகாலையும் முன்பாதத்தையும் தனித்தனியா அளந்தாங்க, அது வேற லெவல் வேலை, ஆனா பாதத்த நீங்களே டிசைன் பண்ணணும்.

மோட்டார் கரன்ட்ட வச்சு டார்க், அதாவது மூட்ட திருகுற விசை, எவ்வளவுன்னு கணக்குப் போடலாம். கியர் ரேஷியோ கம்மியா இருந்தா ஓரளவு நம்பலாம், ரேஷியோ அதிகம்னா உராய்வு அந்த சிக்னல விழுங்கிடும். மோட்டாருக்கும் மூட்டுக்கும் நடுவுல ஸ்பிரிங் வச்சு, அது எவ்வளவு சுருங்குதுன்னு அளந்து டார்க் எடுக்குற வழி 1995ல ப்ராட்டும் வில்லியம்சனும் எழுதினது, நல்லா வேலை செய்யும். ஆனா இது ரெண்டும் மூட்டு டார்க்க மட்டும் தான் சொல்லும். நேரா நீட்டி நிக்குற முழங்கால் ஸ்டாப்பர்ல சாஞ்சுக்கிட்டு இருக்கும்போது முழு உடம்பு எடையும் மேல இருக்கும், மோட்டார்ல டார்க் கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கும். அப்ப எடை இருக்கான்னு மோட்டார கேட்டா தப்பான பதில் தான் வரும்.

அதனால என்னோட தேர்வு முழங்காலுக்குக் கீழ, பைலானோட மேல் முனையில. பாதத்தோட அடி படாது, ஷூவ பத்தி கவலை இல்ல, ப்ரோஸ்தெட்டிஸ்ட் (செயற்கைக்கால் பொருத்துற நிபுணர்) தினமும் தொடுற சாக்கெட் அலைன்மென்ட்ல இருந்தும் தள்ளி இருக்கும்.

ஸ்டெப் 3: வாங்குறதா, நம்மளே ஒட்டுறதா

ஆறு அச்சு லோட் செல் வாங்க காசு இருந்தா வாங்கிடுங்க, ஒரே ஒரு எச்சரிக்கை: செங்குத்து விசையோட ரேட்டிங்க மட்டும் பாத்து வாங்காதீங்க. கால்ல முதல்ல எல்லை தாண்டுறது பெரும்பாலும் மொமென்ட் தான். நடக்கும்போதே 100 நியூட்டன் மீட்டர தாண்டுதுன்னா தடுக்கி விழப்போற நேரத்துல என்ன வரும்னு யோசிச்சு, குறைஞ்சது அதுக்கு ரெண்டு மடங்கு வச்சுக்கோங்க.

காசு இல்லைன்னா டியூப்லயே ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டலாம், இது ஒண்ணும் குறைஞ்ச வழி இல்ல. ஓட்டோபாக் 1997ல கொண்டு வந்த சி-லெக் முழங்கால்லயே டியூப்ல ஸ்ட்ரெயின் கேஜ் வச்சு கணுக்கால் மொமென்ட்ட அளந்து, கூடவே முழங்கால் கோணத்தையும் எடுத்து, செகண்டுக்கு 50 தடவை முடிவெடுத்துச்சு. அதுல முழங்கால தள்ள மோட்டார் கிடையாது, ஹைட்ராலிக் தடை மட்டும் தான், ஆனா சென்சிங் யோசனை அதே தான்.

ஒட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க ஒரு தடவை போட்டுப் பாருங்க. சாதாரண 30 மிமீ அலுமினியம் டியூப், சுவர் 2 மிமீ. 100 நியூட்டன் மீட்டர் மொமென்ட் வந்தா மேற்பரப்புல ஸ்ட்ரெஸ் சுமார் 87 மெகாபாஸ்கல், ஸ்ட்ரெயின் சுமார் 1240 மைக்ரோ (நீளத்துல பத்து லட்சத்துக்கு 1240 பங்கு நீட்சி). நாலு கேஜ் சேத்து கட்டின ஃபுல் பிரிட்ஜ் சர்க்யூட், கேஜ் ஃபேக்டர் (கேஜோட உணர்திறன்) 2ன்னா, குடுக்குற ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2.5 மில்லிவோல்ட் வரும். கடையில வாங்குற லோட் செல்லே பெரும்பாலும் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தான் குடுக்கும், அந்த அளவுக்கு நல்ல சிக்னல்.

இப்ப அதே டியூப்ல நேர் கீழ 700 நியூட்டன் எடை. ஸ்ட்ரெயின் வெறும் 57 மைக்ரோ, பிரிட்ஜ் அவுட்புட் வோல்ட்டுக்கு 0.08 மில்லிவோல்ட்டுக்கும் கம்மி. மொமென்ட் சிக்னல் எடை சிக்னல விட முப்பது மடங்கு பெருசு! கேஜ் ஒண்ணு ரெண்டு டிகிரி சாஞ்சு ஒட்டியிருந்தாலும் மொமென்ட்ல இருந்து கசியுற 2, 3 சதவீதமே எடை சிக்னல முழுசா மூடிடும். அதனால டியூப்ல மொமென்ட் மட்டும் எடுங்க, எடைக்கு தனியா ஒரு துண்டு, அச்சு விசைக்கு மட்டும் நல்லா வளையுற மாதிரி கட்டைகள் மில்லிங் பண்ணின ஒண்ண, சேருங்க. இல்லைன்னா எடைய டியூப்ல இருந்து எடுக்கவே பாக்காதீங்க, பாதத்துல தொட்டுச்சா தொடலையான்னு பாத்துக்கிட்டு மொமென்ட்டோட சேத்து ஓட்டுங்க.

கேஜ் 350 ஓம் எடுங்க, 1000 ஓம் கிடைச்சா இன்னும் நல்லது, சூடு கம்மி. அலுமினியத்துக்கு மேட்ச் ஆனதுன்னு பாத்து வாங்கணும், ஸ்டீலுக்கானத அலுமினியத்துல ஒட்டினா மோட்டார் சூடேற ஏற ரீடிங் நகரும். பசை விஷயத்துல, எம்-பாண்ட் 200 மாதிரி சயனோஅக்ரிலேட் லேப் டெஸ்ட்டுக்கு சரி, நாள் கணக்கா நடக்கப் போற காலுக்கு எம்-பாண்ட் 610 மாதிரி அடுப்புல வேகவைக்குற எபாக்ஸி தான். ஒட்டினதுக்கப்புறம் ஈரம் புகாத கோட்டிங் கட்டாயம், மழையும் ஷூவுக்குள்ள போற தண்ணியும் கேஜ்க்கு எதிரி.

கேஜ் ஒட்டுறதுக்காக டியூப மெலிசா ராவாதீங்க. செயற்கைக்கால் பாகங்கள் தாங்கணும்னு ஐஎஸ்ஓ 10328 ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல 100 கிலோ ஆளுக்கான பி5 லெவல்ல 30 லட்சம் தடவை லோட் போட்டு எடுப்பாங்க. சிக்னல் பெருசா வரணும்னு மெட்டல குறைச்சா அது ஆள் உயிரோட விளையாடுறது.

ஸ்டெப் 4: ஆம்ப்ளிஃபையர், ஏடிசி, ஒயரிங்

பிரிட்ஜ் சிக்னல பெருசாக்கி நம்பரா மாத்துற (அந்த மாத்துற பாகம் தான் ஏடிசி) எச்எக்ஸ்711 போர்டு எல்லாருக்கும் தெரியும், எடை மெஷினுக்குன்னே வந்தது, மலிவு. இந்த வேலைக்கு வேணாம். வேகமான மோடுலயே செகண்டுக்கு 80 ரீடிங் தான், அதுவும் செட்டில் ஆக 50 மில்லிசெகண்ட் ஆகும்னு அதோட டேட்டாஷீட்லயே இருக்கு. மேல சொன்ன 110 மில்லிசெகண்ட்ல பாதி அங்கயே போயிடும். கேலிப்ரேஷன் மேசையில வச்சுக்கலாம், கால்ல வேணாம். பல சேனல ஒரே நேரத்துல எடுக்குற ஏடிஎஸ்131எம்04 மாதிரி 24 பிட் சிப் எடுத்து ஒவ்வொரு சேனலையும் 500ல இருந்து 1000 ஹெர்ட்ஸ்ல ஓட்டுங்க. பிரிட்ஜுக்கு போற வோல்ட்டேஜையே ஏடிசிக்கும் ரெஃபரன்ஸா குடுக்க வழி இருந்தா குடுங்க, அப்ப பேட்டரி இறங்கினாலும் ரேஷியோ மாறாது.

ஆம்ப்ளிஃபையர் கேஜ்க்கு பக்கத்துலயே இருக்கணும். பத்து மில்லிவோல்ட் சிக்னல மோட்டார் ஒயரோட சேத்து முழங்கால் வழியா மேல கொண்டு போனா மோட்டார் டிரைவரோட ஸ்விட்சிங் நாய்ஸ் தான் மிஞ்சும். அங்கயே டிஜிட்டலா மாத்திட்டு மேல அனுப்புங்க. முழங்கால் மடங்குற இடத்துல ஒயருக்கு நல்ல லூப் விட்டு ரெண்டு பக்கமும் இறுக்கி கட்டுங்க, ஃபீல்டுல சாகுறது பெரும்பாலும் சிப் இல்ல, அந்த ஒயர் தான்.

ஸ்டெப் 5: மாட்டுறது

லோட் செல் உக்காருற ரெண்டு பக்கமும் தட்டையா இருக்கணும், போல்ட்ட டார்க் ரெஞ்சால குறுக்கு குறுக்கா ஒரே அளவுக்கு இறுக்கணும். ஒரு போல்ட் அதிகமா இறுகினாலே ஜீரோ, அதாவது எடை இல்லாதப்ப வர்ற ரீடிங், நகர்ந்துடும். கால் பாகங்களோட சாய்வ சரிபண்ற பிரமிடு அடாப்டரோட நாலு ஸ்க்ரூவ ப்ரோஸ்தெட்டிஸ்ட் திருகுற ஒவ்வொரு தடவையும் பழைய ஜீரோவ நம்பாதீங்க, மறுபடி எடுங்க.

ஸ்டெப் 6: கேலிப்ரேஷன்

கடையில வாங்கின செல்லுக்கு கேலிப்ரேஷன் மேட்ரிக்ஸ், அதாவது வோல்ட்டேஜ விசையாவும் மொமென்ட்டாவும் மாத்துற நம்பர் அட்டவணை, குடுத்திருப்பாங்க, ஆனாலும் கால்ல மாட்டினதுக்கப்புறம் சரிபாருங்க. நீங்களே ஒட்டினதுன்னா முழுசா பண்ணணும். செல்ல மேசையில உறுதியா பிடிச்சு எடைக்கல்ல தொங்க விடுங்க. மொமென்ட்டுக்கு ஒரு நீளக் கம்பி போதும், 10 கிலோவ அரை மீட்டர் தள்ளி தொங்கவிட்டா 49 நியூட்டன் மீட்டர். முன்ன, பின்ன, இடது, வலதுன்னு திருப்பித் திருப்பி வைங்க, ஒவ்வொண்ணுலயும் ஏத்திக்கிட்டே போய் அப்புறம் இறக்கிக்கிட்டே வாங்க, ஏறும்போதும் இறங்கும்போதும் ரீடிங் வித்தியாசம் இருந்தா பசை சரியா பிடிக்கலைன்னு அர்த்தம். தெரிஞ்ச லோடு எல்லாத்தையும் ஒரு மேட்ரிக்ஸா, வந்த வோல்ட்டேஜ இன்னொரு மேட்ரிக்ஸா வச்சு லீஸ்ட் ஸ்கொயர்ஸ் போட்டா கேலிப்ரேஷன் மேட்ரிக்ஸ் கிடைச்சுடும், பைத்தானோட நம்பை லைப்ரரியில ஒரு வரி. சில லோடுகள கணக்குல சேக்காம தனியா வச்சிருந்து கடைசியில அத வச்சு டெஸ்ட் பண்ணுங்க, இல்லைன்னா நம்பர் அழகா இருக்கும், உண்மையா இருக்காது.

அடுத்து, சென்சார் இருக்குற இடத்துல வர்ற மொமென்ட் கணுக்கால் மொமென்ட் கிடையாது. சென்சாருக்கும் கணுக்காலுக்கும் தூரம் 250 மிமீ, குறுக்கு விசை 100 நியூட்டன்னா அதுலயே 25 நியூட்டன் மீட்டர் வித்தியாசம் வரும், உச்ச மொமென்ட்ல கால்வாசி! குறுக்கு விசைய தூரத்தால பெருக்கி சேக்கணும், குறி சரியான்னு கையால பாதத்த தள்ளிப் பாத்து உறுதி பண்ணுங்க. கணுக்கால் மொமென்ட்ட செங்குத்து விசையால வகுத்தா எடை பாதத்துல எந்த இடத்துல விழுதுன்னு கிடைச்சுடும், இந்த அழுத்த மையம் தான் பின்னாடி நமக்கு தங்கம். விசை 50 நியூட்டனுக்கு கீழ போனா இந்த வகுத்தல பண்ணவே கூடாது, குட்டி நம்பரால வகுத்தா குப்பை தான் வரும்.

ஸ்டெப் 7: ஜீரோ எடுக்குறதும், காத்துல வர்ற பொய் ரீடிங்கும்

ஆள உக்கார வச்சு, கால் தரையத் தொடாம தொங்கும்போது ஜீரோ எடுங்க. நடக்கும்போது ஒவ்வொரு ஸ்விங்லயும் தானா ஜீரோ பண்ணிக்கலாம்னு தோணும், அங்க ஒரு சிக்கல் இருக்கு. சென்சாருக்கு கீழ கணுக்கால், பாதம், ஷூ எல்லாம் சேர்ந்து 1.5 கிலோன்னா சும்மா தொங்கினாலே 15 நியூட்டன் இழுக்கும், கால் வேகமா வீசும்போது மையவிலக்கு சேர்ந்து அது ரெண்டு மடங்குக்கும் மேல போகலாம். அந்த நேரத்துல ஜீரோ எடுத்தா வேகமா நடந்த அடிக்கு ஒரு ஜீரோ, மெதுவா நடந்ததுக்கு இன்னொண்ணுன்னு ஆயிடும். ஐஎம்யூ (அசைவையும் சுழற்சியையும் அளக்குற சென்சார்) இருந்தா அந்த இழுப்ப கணக்குப் போட்டு கழிங்க, இல்லைன்னா பல அடியோட சராசரிய எடுத்து ரொம்ப மெதுவா மட்டும் திருத்துங்க, அதுக்கும் ஒரு உச்ச வரம்பு போடுங்க.

ஸ்டெப் 8: ஃபில்டர்

நாய்ஸ் இருக்குன்னு கனமா ஃபில்டர் போடுறது தான் இதுல அதிகமா நடக்குற தப்பு. ரெண்டாம் ஆர்டர் பட்டர்வொர்த் 20 ஹெர்ட்ஸ்ல போட்டா சுமார் 11 மில்லிசெகண்ட் தாமதம், 5 ஹெர்ட்ஸ்க்கு இறக்கினா 45. கிராஃப் வழவழன்னு அழகா இருக்கும், ஆனா கால் முடிவெடுக்குறது லேட். 20ல இருந்து 30 ஹெர்ட்ஸ்குள்ள இருங்க, அதுலயும் நாய்ஸ் தாங்கலைன்னா ஒயரிங்க சரிபண்ணுங்க.

ஸ்டெப் 9: ஸ்டேட் மெஷின், இங்க தான் நிதானமா உக்காரணும்

ஸ்டேட் மெஷின்னா, கால் இப்ப எந்த நிலையில இருக்குன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி நடந்துக்குற கோடு. நாலு நிலை போதும்: ஆரம்ப ஸ்டான்ஸ், பின் ஸ்டான்ஸ், மடக்குற ஸ்விங், நீட்டுற ஸ்விங். ஒவ்வொரு நிலையிலயும் மூட்டு ஒரு ஸ்பிரிங்கும் டேம்பரும் (வேகத்த தணிக்கிறது) சேர்ந்த மாதிரி நடந்துக்கும், அதாவது டார்க் = விறைப்பு × (சமநிலைக் கோணம் − இப்போதைய கோணம்) − தணிப்பு × வேகம். நிலை மாறும்போது இந்த மூணு நம்பரும் மாறும். வாண்டர்பில்ட் கால் இப்படித்தான், ஓப்பன் சோர்ஸ் லெக்ல நடக்குறதுக்கு குடுத்திருக்குற உதாரண கோடும் இதே முறை தான்.

ஃபோர்ஸ் சென்சார் இந்த நம்பர்கள நேரா மாத்தாது, எந்த நிலையில இருக்கோம்ங்கிறத மட்டும் தான் சொல்லும். இப்ப முதல்ல சொன்ன ரெண்டு தப்ப நினைச்சுக்கோங்க. ஸ்விங்குக்குள்ள போறது கஷ்டமா இருக்கணும், ஸ்டான்ஸுக்குள்ள வர்றது சுலபமா இருக்கணும்.

ஆரம்பத்துல இருந்து பின் ஸ்டான்ஸுக்கு: விசை உடம்பு எடையில 25%க்கு மேல இருக்கணும், அழுத்த மையம் முன்பாதத்துக்கு வந்திருக்கணும், கணுக்கால் சில டிகிரி முன்னாடி மடங்கியிருக்கணும். மூணும் சேர்ந்து தான். பின் ஸ்டான்ஸ்ல இருந்து மட்டும் தான் ஸ்விங்குக்கு கதவு, விசை 15%க்கு கீழ, அதாவது நம்ம ஆளுக்கு 103 நியூட்டனுக்கு கீழ இறங்கி ஒரு 20 மில்லிசெகண்ட் அப்படியே இருந்தா போகலாம். மடக்குறதுல இருந்து நீட்டுறதுக்கு விசை தேவையில்ல, முழங்கால் கோணமும் வேகமும் போதும். எந்த ஸ்விங்ல இருந்தாலும் விசை 10% தாண்டி 15 மில்லிசெகண்ட் இருந்தா உடனே ஆரம்ப ஸ்டான்ஸ், வேற கேள்வியே கிடையாது. அந்த 15 மில்லிசெகண்ட் எதுக்குன்னா, முழங்கால் நீண்டு ஸ்டாப்பர்ல இடிக்கும்போது லோட் செல்லுல ஒரு கூரான துள்ளல் வரும், அத தரை தொட்டதுன்னு எடுத்துக்கக் கூடாது.

அழுத்த மையம் ஏன் கட்டாயம்னு புரிய, பஸ் ஸ்டாப்புல நிக்கிற ஒருத்தர யோசிங்க. எடைய நல்ல கால் மேல சாச்சு நிப்பாரு, செயற்கைக்கால்ல 10% தான் மிஞ்சும். விசைய மட்டும் பாத்தா இது ஸ்விங், முழங்கால் தொளதொளன்னு ஆயிடும், அவர் மறுபடி எடைய மாத்தும்போது மடங்கி விழுவாரு. அழுத்த மையம் முன்பாதத்துக்கு வரவே இல்லைன்னு தெரிஞ்சா கால் ஸ்டான்ஸ்லயே நிக்கும். பின்னாடி அடி எடுத்து வைக்கும்போதும் இதே கதை தான், அங்க எடை நுனியில இருந்து குதிகாலுக்குப் போகும். இந்த ரெண்டும் ஓடலைன்னா வேகமா நடக்குற வீடியோ எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, தினசரி வாழ்க்கையில நிக்கிறதும் திரும்புறதும் தான் ஜாஸ்தி.

ஓசர் கம்பெனியோட முதல் பவர் நீ, 2006ல வந்தது, நல்ல கால் பக்கமும் ஒரு சென்சார் மாட்டச் சொல்லுச்சு, பின்னாடி வந்த மாடல்ல அத எடுத்துட்டாங்க. நானும் எல்லாத்தையும் செயற்கைக்கால்லயே வைக்கத்தான் சொல்லுவேன், காலையில இன்னொண்ண மாட்ட மறந்தா அன்னைக்கு கால் வேலை செய்யலைங்கிற நிலைமை வரக்கூடாது. படி, சரிவுன்னு அடையாளம் கண்டுபிடிக்க லோட் செல், ஐஎம்யூ, தசை சிக்னல் எல்லாத்தையும் சேத்து பண்றாங்க. 2012 நவம்பர்ல சிகாகோ வில்லிஸ் டவரோட 103 மாடிய கால் இழந்த ஜாக் வாட்டர் ஏறினது தசை சிக்னலும் சேர்ந்த அப்படி ஒரு கால்ல தான். ஆனா அதுக்குப் போறதுக்கு முன்னாடி சமதரை சரியா வரணும்.

ஸ்டெப் 10: சென்சார் செத்தா என்ன ஆகும்

இத கோடு எழுதும்போதே எழுதணும், பின்னாடி சேக்கலாம்னு விடாதீங்க. பிரிட்ஜ்ல ஒயர் அறுந்தா ரீடிங் ஒரு ஓரத்துல போய் ஒட்டிக்கும், அதனால உடம்பால குடுக்கவே முடியாத அளவு ரீடிங் வந்தா கோளாறுன்னு எடுங்க. ஒவ்வொரு பாக்கெட்டுலயும் ஒரு கவுன்ட்டர் அனுப்புங்க, கவுன்ட்டர் நகரலைன்னா நீங்க பாக்குறது பழைய ரீடிங், ரீடிங் நல்லா இருக்குற மாதிரி தெரியுறது தான் இதுல ஆபத்து. எந்தக் கோளாறு வந்தாலும் முழங்கால் தாங்குற பக்கம் போகணும், அதிக தணிப்போட மெதுவா மட்டும் மடங்குற நிலை. கரன்ட்ட முழுசா வெட்டிட்டா கால் தொளதொளன்னு ஆகுற டிசைன்னா, மோட்டார் ஒயர்கள ஷார்ட் பண்ணி பிரேக் மாதிரி ஆக்குற சர்க்யூட் தனியா வைங்க.

ஸ்டெப் 11: எந்த வரிசையில டெஸ்ட் பண்றது

முதல்ல ஸ்டாண்டுல மாட்டி கையால பாதத்த அழுத்தி, ஒவ்வொரு ஒயரையும் வேணும்னே பிடுங்கி பாருங்க. அடுத்து வெட்டுப்படாத ஒருத்தர் முழங்கால மடக்கி கட்டிக்கிட்டு நடக்குற பைபாஸ் அடாப்டர், பேரலல் பார்க்குள்ள, மேல ஹார்னஸ் கட்டி. அதுக்கப்புறம் தான் செயற்கைக்கால் போடுறவர், எத்திக்ஸ் கமிட்டி அனுமதியோட, ப்ரோஸ்தெட்டிஸ்ட் பக்கத்துல நின்னு அலைன்மென்ட் பாத்ததுக்கப்புறம். மோட்டார ஸ்விங்குக்கு விடாம, தாங்குற நிலையிலயே வச்சு முதல் நாள் முழுக்க லாக் மட்டும் எடுங்க: நடை, நிக்கிறது, எடைய மாத்துறது, திரும்புறது, பின்னாடி அடி, உக்காந்து எழுந்திருக்குறது. அந்த லாக்க கம்ப்யூட்டர்ல உங்க ஸ்டேட் மெஷினுக்கு ஊட்டி, எங்கயாவது எடை மேல இருக்கும்போது ஸ்விங்குக்குப் போச்சான்னு தேடுங்க. ஒரே ஒரு இடத்துல போயிருந்தாலும் த்ரெஷோல்ட்ட மாத்தி மொத்த லாக்கையும் மறுபடி ஓட்டுங்க, அது சுத்தமா வந்ததுக்கப்புறம் தான் மோட்டாருக்கு ஸ்விங் அனுமதி.

ஆள் மாறினா, ஷூவோட குதி உயரம் மாறினா, ப்ரோஸ்தெட்டிஸ்ட் பிரமிடு ஸ்க்ரூவ கால் சுத்து திருகினா கூட, அழுத்த மையம் இடம் மாறும். அதனால கோடுல உடம்பு எடையையும் முன்பாத எல்லையையும் தனி செட்டிங்கா வச்சு, ஒவ்வொரு செஷன் ஆரம்பத்துலயும் அவர ஒரு நிமிஷம் நிக்கவச்சு முன்ன பின்ன சாயச் சொல்லி அந்த ரெண்டு நம்பரையும் புதுசா எடுத்துட்டு ஆரம்பிங்க.